வெறும் வயிற்றுக்கு எதிரான எங்கள் போராட்டம்

சமூகத்துக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் எனக்குக் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் வைத்துத்தான் உண்டானது. ஜன்னலுக்கு வெளியே கண்டி வாவி. உள்ளே, இளைஞர்கள் சமூகத்தை மாற்றுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் காலை ஆளுக்கொரு மஞ்சள் துண்டுத்தாளைத் தந்து, கனவை ஒரே சொல்லில் எழுதச் சொன்னார்கள். நான் "சேவை" என்று எழுதினேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவன் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு அவனும் "சேவை" என்று எழுதினான். பரீட்சை மண்டபத்தில் தொடங்கியிருக்க வேண்டிய நட்பு இப்படித் தொடங்கியது.

அவன் அலவத்துகொடைக்காரன். வாப்பாவின் துணிக்கடையில் பாதி நாளும், உலகத்தைத் திருத்துவதில் மீதி நாளும் கழிப்பவன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுடன் இன்னொருத்தியும் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்பவள். அவளிடம் மடிக்கணினியும் அழகான கையெழுத்தும் இருந்ததால் அவளே எங்கள் செயலாளர். பன்னிரண்டு வகைக் கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்து வறுமை பற்றிய அமர்வில் உட்கார்ந்தோம். பாதிப் பேர் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பெடுப்பது என் பிறவிக்கடன். எங்கள் குடும்பத்தில் பாடசாலையை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பட்டமும் வாங்கி, கண்டியில் ஓர் அலுவலகத்தில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்ததிலிருந்து எட்டு வீடு வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்துக்குத் தபால் வாசிப்பவர் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் முகம் கழுவுவதற்குள் இரண்டு கடிதம் வந்துவிடும். ஒருமுறை ஒரு மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கொண்டுவந்தார் ஒருவர். எந்த நாட்டு மொழியோ தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிடாதே என்று அம்மா அவருக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். "வெயில் படாம வைக்கணுமாம்" என்றேன். அவரும் திருப்தியாகப் போனார்.

இந்தப் பெருமைக்குரிய பதவியில் இருந்துகொண்டுதான் அடுத்த வீடான பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் அத்தையின் கிளினிக் கொப்பியை வாசித்தேன்.

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கொழுந்தைத் தடவித் தடவிப் பறிப்பார். பறித்ததில் பாதி முற்றிய இலை. நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அவருடைய கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா மலைக்கு வராதீங்க, எங்கயாவது கான்ல பள்ளத்துல விழுந்து செத்தா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லியிருந்தார். அத்தை தனி ஆள். மலைக்குப் போகாவிட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கண்டியில் ஒரு வைத்தியசாலையில் கண் வெட்டி வெள்ளையை எடுப்பதற்குத் திகதி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டும்.

"என்னடா போட்டிருக்கு, மருமகனே?"

"காலையில ஒண்ணும் சாப்பிடாம வரணுமாம் அத்த."

"அவ்ளோதானா? நான் என்னைக்குக் காலையில சாப்பிட்டிருக்கேன்?"

கொப்பியில் இன்னும் ஒரு வரி இருந்தது. தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கக்கூடாது என்று. நான் அதை வாசித்தேன், மனதுக்குள். வெளியே சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அதிகாலையில் யார் போய் என்னத்தைக் குடிக்கப் போகிறார்கள்?

தேநீர் என் நினைவுக்கு வரவே இல்லை. எங்கள் லயத்தில் அடுப்பில் கேத்தல் ஏறிய பிறகுதான் ஆள் எழும்புவது. பல் விளக்குவதற்கு முன் ஒரு கோப்பை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை. அது சாப்பாடும் இல்லை, குடிப்பதும் இல்லை. கண் திறப்பதைப் போல ஒன்று. அத்தை வழக்கம்போல் சீனி தூக்கலாக இரண்டு கோப்பை குடித்துவிட்டு, கொப்பியில் உள்ளபடி ஒன்றும் சாப்பிடாமல், நாவலப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் போனார். சீனி கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

லயம் கூடி ஆராய்ந்தது. பாகற்காய் வந்தது. கறிவேப்பிலைச் சாறு வந்தது. சோற்றைக் குறைத்தார்கள். கோயில் பொங்கலில் அத்தைக்கு மட்டும் பங்கு இல்லை. ஒருத்தி சந்தேகத்தின் பேரில் வாழைப்பழத்தையும் நிறுத்திவிட்டாள். தேநீரை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அப்படிச் சந்தேகிக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இதே மூன்று மாதத்துக்குள்தான் கண்டியில் நாங்கள் புரட்சிக்குத் தயாரானோம்.

மக்களின் தேவையை மக்களிடமே கேட்கவேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் நாங்களே யோசித்தோம். தூரத்துத் தோட்டங்களிலிருந்து அத்தை போகும் வைத்தியசாலைக்கு வரும் சனம் விடியற்காலையிலேயே வாசலில் குளிரில் நிற்கிறது. பாவம், வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே, செவ்வாய்தோறும் காலை ஆறு மணிக்கு, வாயிலுக்கு எதிரே பூட்டியிருக்கும் ஒரு கடையின் முன் மேசை போட்டு, சுடச்சுடத் தேநீர். நண்பனின் சாச்சா, அதாவது சித்தப்பா, பதாகை அச்சடிப்பவர். எங்களுக்கும் சும்மா ஒன்று அடித்துத் தருவதாகச் சொன்னார். வாசகம் மட்டும் நாங்கள் கொடுக்கவேண்டும். ஒரு மாலை முழுக்க யோசித்து நானே எழுதினேன். எழுதியபோது கண் கலங்கியதையும் மறைக்கவில்லை.

வெறும் வயிற்றோடு யாரும் காத்திருக்கக் கூடாது.

"சூப்பர் மச்சான்," என்றான் நண்பன். "இத வாசிச்சிட்டு ஒருத்தனுக்கும் சும்மா போகேலாது."

"ஓம், நல்லாத்தான் இருக்கு," என்றாள் செயலாளர். "ஆனா ஒரு முகம் வேணும். சிரிக்கிற முகம். எழுத்தை மட்டும் போட்டா ஆக்கள் பாக்கமாட்டினம்."

முகமும் எங்கள் லயத்திலிருந்தே கிடைத்தது. ஒரு ஞாயிறன்று, தேநீர்க் கோப்பையோடு அத்தை வாசலில் நின்று யாரையோ கேலி செய்து சிரித்தபோது என் கைபேசியில் எடுத்த படம். கேட்டேன். "போட்டுக்கடா, எனக்கென்ன, நானா பாக்கப் போறேன்" என்றார்.

முதல் இரண்டு செவ்வாயும் அமோகம். சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. எங்கள் ஆட்களுக்குச் சீனி தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும் என்று நான் ஆலோசனை சொன்னேன். தோட்டத்துப் பிள்ளை என்ற முறையில் அது என் துறைசார் பங்களிப்பு. வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. "சும்மா கூச்சப்படாம எடுங்க" என்று நண்பன் கையில் திணித்தான்.

மூன்றாவது செவ்வாய் அத்தையின் மறு திகதி.

பஸ்ஸிலிருந்து இறங்கி, என் குரலைக் கேட்டுத் தடவிக்கொண்டே மேசைக்கு வந்தார். குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "எங்க அண்ணன் மகன். படிச்ச புள்ள" என்றார். நான் ஒரு கோப்பை நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"சீனி போட்டதா? எனக்குத்தான் சீனின்னு சொல்லியிருக்காங்களே."

"கொஞ்சம்தான் அத்த. குளிருக்கு ஒண்ணும் செய்யாது."

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கொப்பியை நான்தான் வாசித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஊற்றினேன். இரண்டாவது கோப்பையும் கேட்காமலே ஊற்றினேன்.

ஏழரை மணியிருக்கும். வாயிலைக் கடந்து ஒரு தாதி எங்களை நோக்கி வந்தார். கையில் எங்கள் கடதாசிக் கோப்பை ஒன்று. நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, செயலாளர் கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தயாரானாள்.

மல்லி என்று தம்பி முறை வைத்து, சிங்களமும் தமிழுமாகக் கேட்டார். "மல்லி, இதுல சீனி போட்டதா?"

"போட்டீக்கி மிஸ்," என்றான் நண்பன் பூரிப்போடு. "நல்லாவே போட்டீக்கி. ஒண்டு குடிச்சிப் பாருங்களே."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் மிஸ். வேணாம்னு சென்ன ஆக்களுக்கும் குடுத்த."

தாதி கோப்பையை மேசையில் வைத்தார். "அனே மல்லி! மூணு செவ்வாயா விரல்ல குத்திப் பாக்கப் பாக்க எல்லாருக்கும் சுகர். எல்லாருக்கும்! மெஷின் பழுதுன்னு நெனச்சு வேற மெஷின் கொண்டுவந்து பாத்தேன். அதுலயும் சுகர். கேட்டா ஒருத்தரும் சாப்பிடலயாம். சாமி சத்தியமாம். பெறகுதான் குப்பை வாளியப் பாத்தேன்."

அவர் தலை உயர்த்திப் பதாகையை ஒருமுறை பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நாங்கள் நல்லதுக்குத்தானே மிஸ் செய்தனாங்கள்," என்றாள் செயலாளர், கைபேசியை மெல்லப் பைக்குள் வைத்தபடி.

"நல்லதுதான் நங்கி. கொஞ்சம் தள்ளி நின்னு செய்யுங்க."

எட்டு மணிக்குப் பிறகு அத்தை வெளியே வந்தார். கொப்பியை என்னிடம் நீட்டினார். இன்னொரு திகதி, இரண்டு மாதம் தள்ளி. அன்றும் சீனி கூடுதலாக இருந்தால் கண் வெட்டும் பேச்சையே விட்டுவிட்டு முதலில் சீனி நோய்க்கு மருந்து தொடங்கவேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த முறை எல்லா வரியையும் சத்தமாக வாசித்தேன்.

"அந்த மிஸ்கிட்ட ஒண்ணும் சாப்பிடலன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்டா."

"தேத்தண்ணி குடிச்சீங்களே அத்த. நான்தானே தந்தேன். அதுவும் சாப்பிட்ட மாதிரித்தானாம்."

"தேத்தண்ணி குடிச்சா சாப்பிட்ட கணக்கா?" அத்தை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப எங்க லயத்துல ஒருத்தரும் பட்டினி கெடந்ததே இல்லன்னு சொல்லு."

நான் கொப்பியை மறுபடி திறந்து பார்த்தேன். பட்டம் பெற்றவர்கள் இப்படியான இடங்களில் குறிப்புத்தான் பார்ப்பார்கள்.

அன்று மாலை அவசரக் கூட்டம். பயிற்சி தந்தவர்களுக்கு அனுப்பவேண்டிய படிவத்தைச் செயலாளர் திறந்து வைத்திருந்தாள். "உங்கள் செயற்பாட்டால் மக்களின் வாழ்வில் ஏற்பட்ட அளவிடக்கூடிய மாற்றம் எண்டு ஒரு கேள்வி இருக்கு. என்னத்தை எழுதிறது?"

"சுகர் கூடினத எழுது," என்றான் நண்பன். "அதவிட அளவிடக்கூடியது வேற என்ன ஈக்கி?"

மேசையை மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். கடமை உணர்ச்சியால் அல்ல, வெட்கத்தால். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அந்தத் தாதி விடவில்லை. பட்டினியோடு மலையிலிருந்து வருகிறவர்களில் யாராவது ஒருவர் குத்திவிட்டு வெளியே வரும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது வழக்கமாம். தேநீர் வேண்டியதுதான். வாசலுக்கு வெளியே வேண்டாம், இரத்தம் பார்க்கும் அறையைத் தாண்டி, வெளியேறும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்னே இருந்த மேசை பின்னே போகவேண்டும். மேலிடத்தில் பேசி அனுமதியும் அவரே வாங்கித் தந்தார். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், பன்னிரண்டு கறி எல்லாம் சேர்ந்து சொல்லித்தராத விஷயம் இதுதான்.

விதியும் அவர் போட்டதே. குத்திய விரலில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டி அனுப்புவார். பஞ்சைக் காட்டினால் தேநீர். பஞ்சு இல்லாவிட்டால் எந்தப் பெரியவர் கேட்டாலும் கிடையாது. இளகிய மனம் படைத்த நாங்கள் இரண்டே வாரத்தில் சுங்க அதிகாரிகள் ஆனோம். கடுகண்ணாவையிலிருந்து வரும் ஒரு தாத்தா மூன்றாவது வாரம் வீட்டிலிருந்தே விரலில் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். நண்பன் பஞ்சை உரித்துப் பார்த்தான். கீழே விரல் சுத்தமாக இருந்தது.

"என்ன தாத்தா இது? இரத்தத்தையே காணல்லயே?"

"எனக்கு ரத்தம் கொறவு தம்பி," என்றார் தாத்தா, சற்றும் அசராமல்.

பழைய இடத்தில் பதாகை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. கழற்றினால் சாச்சா கோபித்துக்கொள்வார் என்று நண்பன் சொன்னான். வாசகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அத்தையின் திகதிக்கு முந்திய நாள் விடுமுறை போட்டு ஊருக்குப் போனேன். காவலுக்கு. லயத்தில் இருந்த எட்டுக் காம்பிராவுக்கும் போய், தேநீரால் வந்த வினையைத் துறைசார் சொற்களோடு விளக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தயாரித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. கொழுந்து பறிக்கும் மலையிலேயே அத்தை எல்லாரிடமும் என் மானத்தை வாங்கியிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குத் தேத்தண்ணி குடிக்காதீங்கடி, படிச்சவனே ஊத்திக் குடுத்தாலும் குடிக்காதீங்க" என்பது அந்த மலையின் புதிய சுகாதாரப் பிரசாரம்.

காலையில் அத்தை எழுந்ததும் கை தானாக அடுப்புப் பக்கம் போனது. கேத்தல் அங்கே இல்லை. அம்மா முதல்நாளே அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பிராவுக்கு வந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது ஏதோ ஒன்று வழமைபோல் இல்லை என்று பட்டது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புரிந்தது. எந்த வீட்டிலும் புகை இல்லை. மணம் பட்டால் அத்தைக்கு மனம் தடுமாறும் என்று, நாங்கள் சந்தி தாண்டும்வரை எட்டு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. யாரும் யாருக்கும் துண்டுத்தாள் கொடுத்து அதை எழுதச் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸில் கம்பளை தாண்டும்வரை அத்தை பேசவில்லை. பிறகு பேராதனைவரை நிறுத்தவில்லை.

"தல வெடிக்குதுடா. கொழுந்து பறிக்கிறவளுக்குத் தேத்தண்ணி இல்லன்னு சொன்ன மொத ஆளு நீதான். துரைமாரு கூட இப்பிடிச் செஞ்சதில்ல."

"இன்னும் கொஞ்ச நேரம் அத்த."

"நீ பேசாத. ஒன் வாயத் தொறந்தாலே எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போகுது."

உள்ளே போனவர் வெளியே வர அதிக நேரம் எடுக்கவில்லை. எனக்குத்தான் அது நீளமாக இருந்தது. பஞ்சு ஒட்டிய விரலை, வாக்குப் போட்டுவிட்டு வருகிறவரைப்போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த தாதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சரியான அளவு. அத்தைக்குச் சீனி நோய் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அவருக்கு இருந்த நோய் நான்தான்.

நண்பன் ஊற்றினான். அத்தை நின்ற இடத்திலேயே மூன்று கோப்பை குடித்தார்.

முதலில் வலது கண்ணை வெட்டினார்கள். பிறகு சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாதே, தலையில் தண்ணீர் ஊற்றாதே. கண்ணைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு நாள் வரச்சொன்னார்கள். அன்றும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு அடி வைத்தவர் நின்றார்.

"யாருடா அது, அங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறது?"

"நீங்கதான் அத்த."

கிட்டே போனார். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இவ்ளோ நரையா எனக்கு? ஒரு நாயும் சொல்லல பாரு." கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கையில என்ன, கப்பா?"

"ஆமா."

"மேல என்ன எழுதியிருக்கு? வாசி."

வாசித்தேன். வெறும் வயிற்றோடு யாரும் காத்திருக்கக் கூடாது.

"இன்னொருக்கா வாசி."

இன்னொருமுறை வாசித்தேன். இந்தமுறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரி வாசல்ல. என் மூஞ்சியப் போட்டு. நல்லாக் குடிச்சிட்டு உள்ள போங்கன்னு." அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று நான்கு வருடங்களுக்குப் பிறகு அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "இத எழுதுனது யாருடா?"

நான் பதாகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவிழு அத."

மழையில் நனைந்து கயிற்று முடிச்சு இறுகிப் போயிருந்தது. நான் நகத்தால் இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடிக்கலாமா என்று யோசித்தேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு, முடிச்சை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். இரண்டு விரலால் ஒரு நுனியைக் கிள்ளி இழுத்தார். அவிழ்ந்தது. மற்ற மூன்று மூலையையும் அப்படியே அவிழ்த்தார். பிறகு தன் முகம் உள்ளே போகும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்ல சாமான். வெறகு நனையாம மூடி வைக்கலாம்."

கண்ணைப் பார்த்து முடிந்து வெளியேறும் வழியில் எங்கள் மேசை. நண்பன் பாத்திரத்தைத் திறந்தவாறே வழக்கம்போல் கையை நீட்டினான். "பஞ்சக் காட்டுங்க மாமி."

"இன்னைக்குக் குத்தல தம்பி."

"அப்பொ ஏலாது மாமி. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். மச்சான்ட ஆளுண்டாலும் ஏலாது."

அத்தை சுருட்டிய பதாகையை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தா பஞ்சு."

நண்பன் ஓரத்தை விரித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு கோப்பை ஊற்றினான்.

அத்தை அதை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். ஒரு பக்கமாகச் சாய்த்து மறுபடியும் பார்த்தார்.

"இதையா இவ்ளோ நாளா எங்களுக்கு ஊத்துனீங்க?" என்றார். "சீனியக் கொறச்சிட்டுத் தூளக் கூட்டுங்கடா."

அடுத்த செவ்வாயிலிருந்து அப்படித்தான் போடுகிறோம்.